பூச்சியம்

கொம்பனித்தெருவில் நாற்பத்திரண்டு மாடி எழும்புகிறது.
பதினெட்டாவதில் கம்பி கட்டுகிறவன், பெயர் பிரபோத் நாயக்,
ஒடிசாக்காரன், காய்ச்சலில் கிடந்தான்.
எல்லோரும் டெங்கு என்றார்கள்.
கொழும்பில் வேறென்ன சொல்வது.
இரத்தம் வேறு சொன்னது.

அதனால் நான் வந்தேன்.
நீளப்பிடி அகப்பை, வெள்ளைத் தட்டம், டோர்ச்,
கழுத்தில் தொங்கும் அட்டையில்
பாதிமா ருஷைதா, பூச்சியியல் உதவியாளர்.
சைட் எஞ்சினியர் ஓடிவந்தார்:
"மிஸ், பூச்சட்டியெல்லாம் கவிழ்த்தாச்சு, ஃபைன் போடாதீங்க."
நான் அந்த நுளம்புக்கு வரவில்லை என்றேன்.
"நுளம்பிலயும் சாதியா?"

இருக்கிறது.
பகலில் கடிக்கும் வரிக்காலி ஒரு சாதி.
சாக்கடையில் பிறந்து
இரவெல்லாம் காதுக்குள் பாடுவது இன்னொன்று.
நான் தேடுவது
வாலை உயர்த்தி, சுவரில் பாதி இறங்கிய ஆணிபோல்
சரிந்து உட்காரும்.
அதன் குடம்பி தலைகீழாய்த் தொங்காது.
நீரின் தோலோடு தோலாய்ப் படுத்திருக்கும்.

நாட்டில் மலேரியா இல்லை. சான்றிதழ் உண்டு.
இல்லாததைத் தேடித்தான் எனக்குச் சம்பளம்.
படிவத்தின் கடைசிக் கட்டத்தில்
வட்டம் வட்டமாய் எழுதிக் கை பழகிவிட்டது.
பூச்சி இல்லாத இடத்தில் பூச்சியம்.
தமிழ் எனக்கு முன்பே இந்த வேலை பார்த்திருக்கிறது.

பழைய எதிரியை எங்களுக்குத் தெரியும்:
வற்றும் ஆற்றின் மணற்குழி, தெளிந்த நீர், தூரத்து ஊர்கள்.
புதியதை மன்னாரில் ஒரு கிணற்றில் கண்டார்கள்.
அதற்கு ஆறு வேண்டாம்.
தாங்கி போதும், சிமெந்துத் தொட்டி போதும்,
பாதி கட்டிய நகரம் போதும்.

பிரபோத் சீமெந்து மூட்டையில் உட்கார்ந்திருந்தான்,
மருந்தின் மூன்றாம் நாள்.
மட்டக்களப்புப் பெடியன் டிலக்சன் படம் பார்த்துப் பழகிய ஹிந்தியில்
அவனுக்கும் எனக்கும் நடுவில் நின்றான்.
"நானா இதைக் கொண்டுவந்தேன் எண்டு கேக்கிறான்."
சொன்னேன்:
ஒரு பெண் நுளம்பு, அந்தச் சாதியே, இவனைக் கடிக்கவேண்டும்.
பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் சாகாதிருக்கவேண்டும்,
நுளம்புக்கு அது தள்ளாத வயது,
அதற்குள் பல்லி, மழை, மின்விசிறி, யாரோ ஒருவரின் உள்ளங்கை,
எல்லாம் தப்பி இன்னொருவரைக் கடிக்கவேண்டும்,
அப்போதுதான்.
டிலக்சன் முழுக்கக் கேட்டான்.
திரும்பி ஒரே சொல் சொன்னான்:
"நஹீ."

லிஃப்ட் வரவேண்டிய குழியில் முழங்காலளவு தண்ணீர்.
இருபத்தாறு அகப்பை.
சிகரெட் துண்டு. ஹெல்மெட் வார்.
இருபத்தேழில்
ஒன்று படுத்திருந்தது.

மடியில் போத்தலோடு ஓட்டோவில் போனேன்.
மேடு பள்ளத்தில் டிரைவரை ஏசினேன்.
நாலு நாள் மீன்தீனியைப் பொடித்துப் போட்டேன்.
கால்புள்ளிபோல் வளைந்தது, கூட்டுப்புழு.
வெள்ளி விடிய முதல் தோல் வெடித்து
தான் கழற்றிய சட்டையின்மேலேயே நின்று
இறகு காயவைத்தது.

நுணுக்குக்காட்டியில் உணர்கொம்பு புசுபுசுவென்று.
"ஆண்," என்று சிரித்தார் சுனேத் சேர். "கடிக்காது. தேன் குடிக்கிறவன்."
இறகில் புள்ளிகளை எண்ணினேன்.
ஒரு பெயரைப் பென்சிலால் எழுதி அழித்தேன்.
திரும்ப எண்ணினேன்.
ஆண் என்றால் என்ன.
அவனுக்கும் ஓர் உம்மா இருந்திருப்பாள்.
தங்கச்சிமார் எங்கே?

குழியை இறைத்து எண்ணெய் ஊற்றியிருந்தார்கள்,
வானவில் மிதந்தது.
பத்தொன்பதாம் மாடியிலிருந்து பிரபோத் கை காட்டினான்,
எனக்கா கிரேனுக்கா தெரியவில்லை.

படிவத்தில் ஒன்று என்று எழுதினேன்.
நேர்கோடு. கை பழகவில்லை.
பக்கத்துத் தொடர்மாடியின் மொட்டைமாடியில் பதினாறு தாங்கிகள்,
லிஃப்ட் பழுது.
ஆறாம் மாடியில் ஒரு கதவு கொஞ்சம் திறந்து
"டெங்குவா?" என்றது.
மூச்சு வாங்கியது.
ஓம் என்றேன்.